யார் இந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ்? முத்துக்குளித்துறைக்குக் கதைப் புத்தகம் கொடுத்தவரின் கதை

இந்திய மொழிகளிலேயே முதலில் இந்தியாவில் அச்சேறியது தமிழ்தான். இது பலருக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தின் பின்னால் இருந்தவர், தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள புன்னைக்காயலில் வாழ்ந்த ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். தமிழில் அண்டிறீக்கு அடிகளார்.

பிறப்பைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர்

1520-இல் போர்ச்சுகலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர் ஹென்ரிக்கஸ். துறவியாகும் ஆசையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் அவருடைய முன்னோர்கள் யூதர்கள் என்று தெரியவந்ததும் அனுப்பிவிட்டார்கள். படிப்பு, ஒழுக்கம் எதிலும் குறையில்லை. பிறப்பு மட்டும்தான் பிரச்சினை.

அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த இயேசு சபை இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தது. 1545-இல் அங்கே சேர்ந்து, 1546-இல் இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

மொழிதான் முதல் தடை

அதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தக் கரையின் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவம் தழுவியிருந்தார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்து, ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எல்லாமே மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் நடந்தது. அதில் குழப்பங்களும் இருந்தன. திருப்பலியைக் குறிக்கும் 'மிசா' என்ற சொல், கேட்பவர் காதில் 'மீசை' என்று விழுந்ததாம்!

ஹென்ரிக்கஸ் வேறு வழி பிடித்தார். சில மாதங்களிலேயே தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். அடுத்து வருகிறவர்களுக்காக, போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கண நூல் எழுதினார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது.

1549-இல் இந்தக் கரைக்குத் தலைமை வகித்த கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட, அந்தப் பொறுப்பு ஹென்ரிக்கஸிடம் வந்தது. உடனிருந்த ஐரோப்பியர்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்று விதி போட்டார். மீறினால் தண்டனை உண்டு! கடற்கரைக் குழந்தை போர்த்துகீசியம் கற்க வேண்டியதில்லை, சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் தமிழ் கற்க வேண்டும் என்பதே அதன் அர்த்தம். ஊர்களில் பாடம் சொல்லும் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலையாக இருந்தது.

ஏன் கதை?

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. மொத்தமே 16 பக்கம். அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அது மனப்பாடம் செய்யும் பாணியில் இருந்த சிறு நூல்.

1586-இல் வந்த அடுத்த பெரிய புத்தகம் முழுக்கக் கதைகள். 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்', அதாவது அடியார் வரலாறு. புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள் 600 பக்கங்களுக்கு மேல், கடற்கரையில் புழங்கிய பேச்சுத் தமிழ் கலந்த நடையில்.

எழுத்து தெரியாதவர்களே அதிகம் இருந்த கரை அது. மனப்பாடப் பாடத்தை ஒவ்வொருவரும் தனியாகக் கற்க வேண்டும். கதைக்கு அது தேவையில்லை. ஊரில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், முத்துக் குளிப்பவரும் வலை பின்னுபவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். அந்தக் காலத்தில் ஏட்டுச்சுவடி எட்டாத குடும்பங்களுக்கும் புத்தகத்தின் உள்ளடக்கம் காது வழியே போய்ச் சேர முடிந்தது.

கதவு யாருக்குத் திறந்தது?

இதை முழுக்க சமத்துவக் கதை என்று சொல்லிவிட முடியாது. மதம் பரப்புவதுதான் நோக்கம். பின்னால் போர்த்துகீசிய அதிகாரமும், முத்து வருமானத்தின் மீது அதற்கிருந்த கண்ணும் இருந்தன.

இன்னொரு முரணும் உண்டு. அச்சு வேலையில் ஹென்ரிக்கஸுக்குத் துணையாக இருந்த பெரோ லூயிஸ், 1561-இல் இயேசு சபையில் சேர்ந்தவர், அந்தச் சபையின் முதல் இந்தியர். தன்னைப்போல் இன்னும் பலரைச் சேர்க்கும்படி அவர் மேலிடத்தைக் கேட்டார். நடக்கவில்லை. தமிழில் கதை கேட்கலாம், தமிழில் கற்பிக்கவும் செய்யலாம். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலி மட்டும் தமிழருக்குக் கிடைக்கவில்லை.

1593-இல் யூத வம்சாவளியினரைச் சேர்ப்பதில்லை என்று இயேசு சபையும் தீர்மானம் போட்டது. அப்போது ஹென்ரிக்கஸுக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அவருக்குத் திறந்த அதே கதவு, அவரைப் போன்றவர்களுக்கு அவர் கண்ணெதிரே மூடப்பட்டது.

புத்தகம் திரும்பி வந்த கதை

1600-இல் ஹென்ரிக்கஸ் காலமானார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கதைப் புத்தகமும் மெல்ல மறக்கப்பட்டது. 1954-இல் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டார். 1967-இல் அது 'அடியார் வரலாறு' என்ற பெயரில் மறுபதிப்பாக வந்தது. வெளியிட்டது தமிழ் இலக்கியக் கழகம், தூத்துக்குடி.

இன்றும் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் இதே கரையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் பாடம் நடக்கிறதா, பள்ளியை நடத்தும் இடத்தில் அவர்களில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? ஹென்ரிக்கஸ் முதல் கேள்விக்கு வழி காட்டினார். இரண்டாவது, அவர் காலத்தில் பெரோ லூயிஸ் கேட்டு, பதில் கிடைக்காமல் போனது.