கரும்பாராய்ந்த பார்பர்

கல்வராயன் மலைச்சாரலிற் சந்தன மரம் வளர்வதையும், அம்மலையடியில் கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த வயல்களிற் கரும்பு விளைவதையும் நம்மவர் பலரும் அறிவர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தமையால் அப்பக்கத்துக் குடியானவர் பலர்க்குக் கரும்பே வாழ்வாயிற்று. சந்தனமோ அயல்மரத்தின் வேரை உறிஞ்சி வளர்வது. இந்நாளைய கரும்போ காட்டுப் புல்லின் வன்மையைத் தன்னுட்கொண்டது. இவ்விரண்டின் இயல்பையும் ஆராய்ந்தவர் ஒருவரே. அவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்பார். அவர் சரிதையை ஈண்டுச் சுருக்கமாய் வரைகின்றோம்.

பார்பர் 1860-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலுள்ள வைன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரம் கற்று, மேற்கிந்தியத் தீவுகளிற் சில ஆண்டுகள் விவசாய உத்தியோகம் பார்த்தார். 1898-இல் சென்னை அரசாங்கத்தின் தாவர நிபுணராக இந்நாடு போந்தார். அப்பொழுது கோதாவரிக் கரையிற் கரும்பைச் செவ்வழுகல் நோய் பற்றி அழித்துக்கொண்டிருந்தது. அதனை ஆராயும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. நோயுற்ற பயிர்க்கு மருந்து தேடுதலினும் நோய் தாங்கும் பயிரைத் தேடுதலே மேல் என்னும் எண்ணம் அவருக்கு அங்குத்தான் வலுப்பெற்றிருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

சந்தனம் ஒட்டுண்ணி என்பதை ஜான் ஸ்காட் என்பவர் 1871-இலேயே வெளியிட்டிருந்தார். எனினும், அதன் வேர் அயல்வேரை எங்ஙனம் பற்றுகின்றது, எங்ஙனம் துளைக்கின்றது என்பதனை நுண்ணிதின் அறுத்து நோக்கி எழுதியவர் பார்பரே. 1906 முதல் வெளிவந்த அவருடைய கட்டுரைகள், சந்தன வேரில் தோன்றும் சிறு குமிழ் போன்ற உறிஞ்சுறுப்பினை விரித்துரைக்கின்றன. துணைச்செடியின்றி நட்ட சந்தனக்கன்று ஏன் செழிப்பதில்லை என்பது இதனால் நன்கு விளங்கிற்று.

இவ்விடத்தே நம் மானாவாரிக் கொல்லைகளின் பகையாகிய சுடுமல்லியைக் குறியாது செல்ல மனம் ஒருப்படவில்லை. சந்தனத்தைப் போலவே அதுவும் வேரொட்டுண்ணி. ஆயின் அது பற்றுவது ஏழையின் சோளத்தை. அதன் விதை தூளினும் நுண்ணியது. மண்ணிற் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, சோள வேர் கசியவிடும் ஒருவகைப் பொருளின் குறிப்பறிந்தே முளைக்கும். அதன் தலை நிலத்தின்மேற் காணப்படுமுன்னரே சோளம் வாடிவிடும். பின் களை பறித்தும் அவ்வாண்டின் விளைவு மீளாது. கலப்பையும் களைக்கொட்டும் தோற்ற இவ்விடத்திற் பயிரின் பிறவிக்குணமே காவல். சில சோளவகைகளின் வேர் சுடுமல்லியை எழுப்பும் பொருளை மிகச் சிறிதே கசியவிடும். இவ்வியல்புக்குரிய மரபணு 2017-இல் அறியப்பட்டது. நம் நாட்டு என்-13 என்னும் சோளமோ வேரின் உட்சுவரைத் தடிப்பித்துப் பகையின் புகவைத் தடுக்கின்றது. இத்தகைய குணங்களை நல்விளைவுடன் ஒரே பயிரிற் கூட்டுதலே பயிர்க்கலப்போர் தொழில்.

அத்தொழிலைப் பார்பர் கரும்பின்கண் செய்து காட்டினார். 1912-இற் கோயம்புத்தூரிற் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தபொழுது அவரே அதன் முதல் நிபுணரானார். வடநாட்டுக் கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது, அங்கு நன்கு பூத்து விதை கொள்வதுமில்லை. பருத்த கரும்போ அந்நாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. சர்க்கரைக்கு இந்தியா ஜாவாவின் கையை எதிர்நோக்கிய காலம் அது. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்திற் கரும்பு பூத்து விதை கொண்டது. பார்பர், "வெள்ளை" என்று தமிழ்ப்பெயர் பூண்ட பருத்த கரும்பைத் தாயாகவும், ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலந்தார். இனிப்பே இல்லாத புல்லொன்றைக் கரும்புக்கு மணம்முடிக்கத் துணிவு மிக வேண்டும்! அக்கலப்பிற் பிறந்த கோ. 205, 1918-இற் பஞ்சாப்பிற் பயிரிடக் கொடுக்கப்பட்டுப் பெருவிளைவு தந்தது. இந்தியக் கரும்புகளை மங்கோ, சாரேதா முதலிய குழுக்களாக வகுத்தவரும் அவரே.

இப்புகழ் அவர் ஒருவர்க்கே உரியதன்று. உடனிருந்து உழைத்த டி. எஸ். வேங்கடராமன் அவர்கள், பார்பர் 1919-இல் ஓய்வுபெற்றபின் அப்பணியை மேற்கொண்டு நெடுங்காலம் வளர்த்தார், தென்னாட்டிற்கேற்ற கோ. 419 அவர் காலத்தது. பார்பர் கேம்பிரிட்ஜ் திரும்பி, வெப்பநாட்டு விவசாயம் போதித்து, 1933-இற் காலஞ்சென்றார்.

2000-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றுத் தமிழகமெங்கும் பரவிய கோ. 86032 என்னும் கரும்பும் அந்நிலையத்தினதே. "கோ" என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்; பார்பர் தம் பெயரை எக்கரும்புக்கும் இட்டாரில்லை.