புற்றுநோயாளருக்கு நம்பிக்கை தந்த தாய்

நம் சேரப்பணஞ்சேரியைச் சுற்றி இன்று ஆலைகள் பெருகியுள்ளன. ஊரின் முகமே மாறிவிட்டது. ஆயினும் ஒரு வீட்டில் புற்றுநோய் என்றால் குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் மாறவில்லை. வந்தால் பிழைப்பதில்லை என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பை ஏற்க மறுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இவ்விழா மலரில் நினைவுகூர விழைகிறோம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்.

1923-ல் அவருடைய அன்புத் தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே மருந்து கொடுத்தனர்; உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவரான தமக்கையாலும் காப்பாற்ற இயலவில்லை. அத்துயரம் அம்மையாரின் உள்ளத்தில் உறுதியாக மாறியது.

எப்படியும் இறப்பவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று எண்ணியோர் அன்று பலர். அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன!

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் இணைந்த டாக்டர் சாந்தாவும் அதனை ஏழைகளின் புகலிடமாகவும் ஆராய்ச்சிக் கூடமாகவும் வளர்த்தனர். 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. 1960-களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, நம் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே நோயைத் தொடக்கத்தில் கண்டறியும் முன்னோடித் திட்டம் நடந்தது. நோயாளி வரட்டும் என்றிராமல் மருத்துவர்களே ஊர் தேடி வந்தனர்.

1968-ல் அம்மையார் மறைந்தார். இன்று அடையாறு மட்டுமன்றி, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலும் அண்ணா பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு இவற்றை மறைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுவோம். துணையற்றவர் என்றால் அயலார் ஒருவர் உடன் செல்வோம். இதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.