மணி தேடிய நாட்டில் துணி பயின்றவர்

துணியில் பதிக்கும் கோலங்களைப் பல்கலைக்கழகத்திலே பாடமாகப் பயிலலாம் என்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் எவரேனும் கூறியிருந்தால், கேட்டோர் நகைத்திருப்பர். அன்று இந்நாட்டில் பல்கலைக்கழகமே இல்லை. இன்றோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்குப் பட்டம் வழங்கப்படுகிறது. இறக்குவானை மலைச்சாரலின் தோட்ட லயங்களிலிருந்து பள்ளி செல்லும் பிள்ளைகளும் அத்தகைய படிப்பை எண்ணிப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. இக்கல்வியின் வரலாற்றை நம் நாட்டளவில் எழுதப் புகுவோர், துணியைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் பயிலாத ஒருவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவர் கல்லைப் பற்றிப் பயின்றவர், ஆனந்த குமாரசுவாமி.

கொழும்பிலே 1877 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, யாழ்ப்பாணத்து வழிவந்த பெருங்குடியினர். தாயார் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. தாயும் சேயும் இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், 1879 இல் தந்தையார் கொழும்பில் காலமானார். ஆகவே பிள்ளை வளர்ந்ததும் கற்றதும் ஆங்கில நாட்டிலேயே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1900 இல் முதல் வகுப்பில் தேறினார்.

1903 இல், புதுமணம் புரிந்த எதெல் என்னும் மனைவியாருடன், இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் பணிப்பாளராக அவர் திரும்பி வந்தார். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை என்னும் ஊர்கள் மணிக்கற்களால் பேர்பெற்றவை. வயலோரங்களில் ஆழக் குழி தோண்டி, இல்லம் எனப்படும் பருக்கைக்கற் படையை அள்ளி, ஆற்றுநீரில் கூடையிட்டு அரித்து மணி தேடுவது அப்பகுதியினரின் தொன்மையான தொழில். அப்பருக்கைகளிடையே கிடைத்த கரிய, கனத்த கனிப்பொருள் ஒன்று 1904 இல் அறிவுலகுக்குத் தெரியவந்ததில் குமாரசுவாமிக்குப் பங்குண்டு. தோரியனைற்று என்பது அதன் பெயர். 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவரை அறிவியற் கலாநிதியாக்கியது.

ஆயினும் கல் தேடி ஊரூராகச் சென்றவரின் கண், ஊர் மனிதரின் கைகளிலேயே நிலைத்தது. கண்டி நாட்டுக் கிராமங்களில் சித்திரக்காரரும் கொல்லரும் நெசவாளரும் தந்தை வழியாகப் பெற்ற தொழிலை இன்னமும் செய்துகொண்டிருந்தனர். அவர்களுக்குப் பாடநூல் இல்லை. ஆயினும் பாடத்திட்டம் இருந்தது. சித்திரம் பயிலும் சிறுவனுக்கு இரட்டை வளைகோடே முதற்பாடம். அது கைக்குப் படிந்த பின்னரே கொடியும் இதழும் அன்னமும் வரும். எதிரே ஒரு பூவை வைத்துப் பார்த்து எழுதும் வழக்கம் அங்கில்லை. உருவங்கள் நினைவிலே சொற்களைப் போல் சேர்த்துவைக்கப் பெற்றன. வேண்டும்போது சொற்றொடர் அமைப்பது போல் கோலம் அமைந்தது. இலண்டனில் பட்டம் பெற்ற அவர் இம்முறையைப் பணிவோடு கேட்டுக் குறித்துக்கொண்டார். எதெல் அம்மையார் ஒளிப்படம் எடுத்தார்; பூத்தையல் வகைகளைத் திரட்டினார்.

துணிக்கு வருவோம். கண்டி நாட்டு நெசவாளர் நிறநூலால் கோலத்தை நெய்தே அமைத்தனர். எழுதியும் அச்சிட்டும் அணி செய்த துணி பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. அத்தொழிலின் நுட்பத்தை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் நன்று. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். கருங்கோடு வேண்டுமிடத்தில் இரும்புக் கரைசலையும், செம்மை வேண்டுமிடத்தில் படிகாரத்தையும் எழுதுகோலாலோ மரக்கட்டை அச்சாலோ இடுவர். பின் சாயவேர் இட்ட கொதிநீரில் துணியை முழுதாக அமிழ்த்துவர். படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பைப் பற்றிக்கொள்ளும். ஏனைய இடத்துக் கறையைச் சாணநீரும் வெயிலும் போக்கிவிடும். நீலம் வேண்டுமாயின், மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். சாயவேர் நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணைத் தோண்டி எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். வேதியியல் என்ற பெயரை அறியாத மக்கள் செய்த வேதியியல் இது.

இதனை அழித்தது எது? ஆலைத்துணியின் மலிவு மட்டுமன்று. 1866 இல் போர்ப்ஸ் வாட்சன் என்னும் ஆங்கிலேயர், இந்தியத் துணிகளின் 700 மாதிரித் துண்டுகளைப் பதினெட்டுத் தொகுதிகளாக்கி வெளியிட்டார். இருபது படிகளில் பதின்மூன்று பிரித்தானிய நகரங்களுக்குச் சென்றன. ஆங்கிலேய உற்பத்தியாளர் அவற்றைப் பார்த்து, இந்தியச் சந்தைக்கு ஏற்ற துணியைச் செய்யவேண்டும் என்பது நோக்கம். கோலம் இங்கிருந்து சென்று, ஆலைச் சரக்காக இங்கேயே விலைக்கு வந்தது.

1905 இல் குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். இரவல் உடையை இகழ்ந்தும், கண்டிப் பிரதானிகளை விளித்தும் சிறு நூல்கள் எழுதினார். பொன்னம்பலம் அருணாசலம் முதலானோருடன் சேர்ந்து, இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் குரல் எழுப்பியவர்களிலும் அவர் ஒருவர். அக்கனவு பல்கலைக்கழகமாக உருப்பெற 1942 வரை காத்திருக்க நேர்ந்தது.

1907 இல் இங்கிலாந்து திரும்பியவர், புரோட் காம்ப்டன் என்னும் சிற்றூரில் குடியேறித் தம் குறிப்புகளை இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கினார். அது அச்சேறிய பொறி வில்லியம் மொரிஸ் தம் நூல்களை அச்சிட்ட பொறியாகும். மொரிசும் துணிக்கோலத்தைக் கல்லூரியில் கற்றவரல்லர். பழைய சாய நூல்களைப் படித்து, லீக் நகரச் சாயத்தொட்டிகளில் தாமே கைந்நனைத்துக் கற்று, 1881 முதல் மேர்ட்டன் பட்டறையில் அவுரி நீலத்தை மரக்கட்டை அச்சோடு இணைத்து மீட்டவர். 1908 இல் முற்றுப்பெற்ற குமாரசுவாமியின் நூல் 425 படிகளே அச்சாயிற்று. எந்த நெசவாளரின் கைத்திறனை அது போற்றியதோ, அந்த நெசவாளரின் வீட்டை அது எட்டியிராது.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. அவர் நடந்த அதே மலைநாட்டில், கம்பளி போர்த்தி, இடையில் படங்கு சுற்றிக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு அந்நூலில் இடமில்லை. சாயவேரும் தறியும் வழங்கிய தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு வாய்த்தது கடைத்துணி. கண்டியரசின் கலையையே நூற்பொருளாகக் கொண்டமையால் இவ்விடுபாடு நேர்ந்தது எனலாம். எனினும் குறை குறையே.

எதெல் அம்மையாருடனான இல்வாழ்வு நீடிக்கவில்லை. ஆனால் இலங்கையில் கண்ட கைத்தொழில் அவரை விடவில்லை. மறுமணத்துக்குப் பின் எதெல் மேரே என்ற பெயரில் 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதி, டிச்லிங் என்னும் ஊரில் பட்டறை அமைத்து, நெசவும் சாயமும் பயில வந்தோர் பலரை ஆளாக்கினார். தொழில்துறை வடிவமைப்புக்கான அரச விருதைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. குமாரசுவாமியின் எழுத்தைவிட அம்மையாரின் சாயத்தொட்டியே நல்ல கல்லூரியாக விளங்கியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

குமாரசுவாமியோ சுதேசிய இயக்கத்தாரிடமும் முரண்பட்டார். அந்நியத் துணியின் அழகற்ற போலியை உள்நாட்டு ஆலையிலே செய்வது வெற்றியாகாது என்பது 1912 இல் வெளிவந்த அவர் நூலின் கருத்து. தம் கலைச்சேகரத்தை வைத்துக் காசியில் ஓர் அரும்பொருளகம் அமைக்க முயன்றார், ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் சேகரத்தோடு அவரும் அமெரிக்கா சென்று, பொஸ்தன் நுண்கலை அரும்பொருளகத்தில் முப்பதாண்டு பணிபுரிந்தார். 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள், எழுபது வயது நிறைந்து சின்னாளில், அந்நகரின் அருகே உயிர்நீத்தார்.

சிங்களக் கலை பற்றிய அந்நூல் 1956 இல் மறுபதிப்பாகி நூலகங்களுக்கு வந்தது. உடதும்பறைப் பகுதியின் தலகுணை ஊரிலே இன்றும் தறி ஓடுகிறது.