பையை நிற்க வைத்த மார்கரெட் நைட்



மளிகைக் கடைக்கோ பேக்கரிக்கோ போனால் பழுப்பு நிறத் தாள் பை ஒன்றைப் பாத்திருப்பீங்க. கடைக்காரர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, ஒரு உதறு உதறுவார். தட்டையாகக் கிடந்த பை பட்டென்று விரிந்து மேஜை மேல் தானாக நிற்கும். ஒரு கையால் பொருளை உள்ளே போட்டுக்கொண்டே மறு கையால் கணக்குப் போடுவார். அந்தப் பையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை தேவையில்லை!

காலியாக இருக்கும்போது இடத்தை அடைக்கக் கூடாது. பொருள் போட்டால் பெட்டி மாதிரி நிற்க வேண்டும். எடை இருக்கவே கூடாது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதை வடிவமைப்பு படிக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு ஆலைத் தொழிலாளிப் பெண். அவர் பெயர் மார்கரெட் நைட். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தறிக்கூடத்துச் சிறுமி

மார்கரெட் 1838-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் யார்க் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் மேட்டி என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். மற்ற பெண் பிள்ளைகள் பொம்மையை வைத்து விளையாடிய வயதில் மேட்டிக்குப் பிடித்தது பேனாக்கத்தியும் துளைபோடும் திருகூசியும் மரத்துண்டுகளும்தான். அண்ணன் தம்பிகளுக்குப் பட்டமும் பனிச்சறுக்கு வண்டியும் செய்து கொடுப்பார்.

அப்பா இல்லாத குடும்பம் பிழைப்புக்காக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகருக்குப் போனது. அது பஞ்சாலை ஊர். பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். மேட்டியின் படிப்பு அத்தோடு சரி.

பன்னிரண்டு வயதிருக்கும்போது ஆலையில் ஒரு விபத்தை நேரில் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து நாடா தெறித்து ஒரு தொழிலாளியைக் காயப்படுத்திவிட்டது. நாடாவின் முனை இரும்பு. அது வருகிற வேகத்துக்கு முன்னால் மனித உடம்பு என்ன செய்யும்?

எங்கள் ஊர் விசைத்தறி ஊர் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அப்பா தறி ஓட்டுகிறவர். நாடா தெறிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்போம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் திரும்பிவிடுவோம். அதோடு மறந்தும்விடுவோம். மேட்டி மறக்கவில்லை. நாடா தடம் மாறித் தெறிக்காமல் காக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பை யோசித்துச் சொன்னார். ஆலைகளில் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

ஆனால் அந்தச் சிறுமிக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. காப்புரிமை என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அமைப்பு சரியாக எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடம்கூட இன்று நம்மிடம் இல்லை. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு, காகிதத்தில் ஏறாததால் காற்றோடு போய்விட்டது. நண்பர்களே, இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பின்னால் இது தேவைப்படும்.

துணிப் பையிலிருந்து தாள் பைக்கு

ஆலையை விட்டபின் மார்கரெட் செய்யாத வேலை இல்லை. வீடு பழுதுபார்த்தல், புகைப்படம், செதுக்கு வேலை, நாற்காலி மெத்தை தைத்தல் என்று பலதும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கை பழகியது.

அந்தக் காலத்தில் மாவும் தானியமும் பருத்தித் துணிப் பைகளில்தான் பெரும்பாலும் போய்க்கொண்டிருந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் பருத்தி வடக்கே வருவது நின்றுபோனது. துணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் எல்லோரும் தாளின் பக்கம் திரும்பினார்கள்.

தாள் பை செய்யும் இயந்திரம் அதற்கு முன்பே இருந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் வோல் என்பவர் 1852-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது செய்த பை தபால் உறை மாதிரி இருந்தது. அடிப்பாகம் கிடையாது. மேஜையில் வைத்தால் சாய்ந்துவிடும். கனமான பொருளைப் போட்டால் எல்லாம் ஒரு மூலைக்கு இறங்கித் தாள் கிழியும். தட்டை அடி வைத்த பை வேண்டுமென்றால் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் மடித்து ஒட்ட வேண்டும். அதனால் விலையும் கூடுதல்.

1867-இல் மார்கரெட் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த கொலம்பியா தாள் பை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கை செய்கிற இந்த மடிப்பை இயந்திரம் ஏன் செய்யக் கூடாது?

அடி வைப்பதில் என்ன கஷ்டம்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் வீட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். அதைவிட எளிய பை உலகத்தில் இல்லை. ஆனால் அதற்கும் அடி கிடையாது. இரண்டு துணியை வைத்து மூன்று பக்கம் தைத்தது, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு போட்டால் வயிறு புடைக்கும். தரையில் வைத்தால் சாயும்.

இதற்கு அடி வைக்கத் தெரு முனைத் தையல்காரருக்கு வழி தெரியும். பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்புவார். அடி மூலையை, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி முக்கோணமாகப் பிடிப்பார். குறுக்கே ஒரு தையல் போடுவார். மறு மூலைக்கும் அப்படியே. திருப்பினால் பைக்கு அடி வந்துவிடும்!

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பை 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணத்தின் நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தைத்தால், தையலின் நீளம் 10 செ.மீ. வரும். மூலை செங்கோணம் என்பதால் அது எப்போதும் இரண்டு மடங்குதான். அந்தத் தையலின் நீளமே அடியின் அகலம். ஆக, 30-க்கு 10 செ.மீ. அடியும் 35 செ.மீ. உயரமும் உள்ள பை கிடைக்கும். துணி அதே துணிதான். கூடுதலாகச் செலவானது இரண்டு தையல் மட்டுமே. டிராயிங் வகுப்பில் டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ் எதற்கு என்று சலித்துக்கொள்கிறோமே, இதற்குத்தான்!

தாளில் தையலுக்குப் பதில் மடிப்பும் பசையும். தாள் குழாயின் முனையை விரித்து அமுக்கினால் சாய்சதுர வடிவம் வரும். அதன் எதிரெதிர் முனைகளை நடுவை நோக்கி மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அடி தயார். கைக்கு இது சுலபம். ஏனென்றால் கைக்குக் கண் இருக்கிறது, விரல் இருக்கிறது. இயந்திரத்துக்கு இரண்டும் இல்லை. ரீலிலிருந்து ஓடி வருகிற மெல்லிய தாளைக் கிழிக்காமல் குழாயாக்கி, முனையைத் திறந்து, சரியான நேரத்தில் மடித்து, பசை வைத்து, வெட்டித் தள்ள வேண்டும். ஒரு அசைவு நொடியில் ஒரு பங்கு பிந்தினாலும் பை கோணல்தான்.

மார்கரெட் பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரத்தில் வரைபடம் என்று உழைத்தார். விரல் செய்ய வேண்டியதை ஒரு தகடு செய்யும்படி அமைத்தார். கத்தி போன்ற அந்த மெல்லிய தகடு தாளை உள்ளே தள்ளி மடிக்கும். 1868-இல் மரத்தால் ஒரு மாதிரி செய்து ஓட்டிப் பார்த்தார். ஆட்டம் கண்ட மர இயந்திரம்தான். ஆனாலும் பை வந்தது, அதுவும் அடி வைத்த பை!

பறிபோன வரைபடம்

காப்புரிமைக்குப் போக மரம் போதாது, இரும்பில் வேண்டும் என்று பாஸ்டன் நகரில் ஒரு பட்டறையில் இரும்பு மாதிரியைச் செய்யக் கொடுத்தார். அங்கேதான் வினை வந்தது. பட்டறைக்கு வந்துபோன சார்லஸ் அன்னான் என்பவர் அந்த இயந்திரத்தைப் பார்த்தார். மார்கரெட் விண்ணப்பம் போட்டபோது, ஏற்கெனவே அன்னான் பெயரில் காப்புரிமை கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது!

நம்மில் எத்தனை பேர் அதோடு விட்டிருப்போம்? நம்ம தலையெழுத்து என்று அழுதுவிட்டு வேலைக்குப் போயிருப்போம். அவரோ வழக்குப் போட்டார். வாஷிங்டன் வழக்கறிஞருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் கொடுத்து வாதாட வைத்தார். ஆலைத் தொழிலாளியாக இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்ணுக்கு ஓட்டுரிமைகூட இல்லாத காலம் அது. இயந்திரத்தைப் பெண் வடிவமைத்தாள் என்றால் நம்புகிறவர்கள் குறைவு. எங்கள் வகுப்பில் பெண்கள் நாலே பேர். லேத்தின் முன்னால் நிற்கும்போது, உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை என்கிற பார்வையை நாங்கள் நாலு பேருமே பார்த்திருக்கிறோம். இப்போதே இப்படி என்றால் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் மார்கரெட் பேச்சை நம்பிப் போகவில்லை. வரைபடங்களைக் கொண்டுபோய் வைத்தார். நாட்குறிப்பை வைத்தார். மாதிரிகளைக் காட்டினார். அவர் அந்த இயந்திரத்தை உருவாக்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அன்னானுக்கு முன்பே இந்த யோசனை யாருடையது என்பதைக் காகிதங்களே சொல்லின. தீர்ப்பு மார்கரெட் பக்கம். 1871 ஜூலை 11-ஆம் நாள், 116,842 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவர் பெயரில் வழங்கப்பட்டது.

பன்னிரண்டு வயதில் செய்த நாடாப் பாதுகாப்புக்கு ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. முப்பது வயதில் செய்த பை இயந்திரத்துக்கு ஒவ்வொரு படியும் காகிதத்தில் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திறமை அல்ல தோழர்களே, பதிவு!

பிற்கால வாழ்க்கை

பங்குதாரர் ஒருவரோடு சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஈஸ்டர்ன் தாள் பை கம்பெனியைத் தொடங்கினார். 1879-இல் மேம்படுத்திய பை இயந்திரத்துக்கு இன்னொரு காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் விண்ணப்பத்தோடு சிறு மாதிரியும் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த மாதிரி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

1883-இல் சார்லஸ் ஸ்டில்வெல் என்பவர் பையின் பக்கவாட்டில் மடிப்பு வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடி வைத்த பை தட்டையாக மடிந்து அடுக்கில் உட்காரவும், ஒரு உதறலில் விரியவும் வழி செய்தது அதுதான். மார்கரெட் பையை நிற்க வைத்தார், ஸ்டில்வெல் அதை ஒழுங்காகப் படுக்க வைத்தார் என்று சொல்லலாம்.

மார்கரெட் அதோடு நின்றுவிடவில்லை. செருப்புக்கு அடித்தோல் வெட்டும் இயந்திரங்கள், எண் அச்சிடும் இயந்திரம் என்று போய், அறுபது வயதுக்கு மேல் சுழல் எஞ்சின் வரை வந்தார். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1914 அக்டோபர் 12-ஆம் நாள் தம் 76-ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு 275 டாலர் 5 சென்ட் மட்டுமே. 2006-இல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கி, விரித்தால் சாயாமல் நிற்கும் இலேசான துணிப் பைக்கு நம் ஊரில் இன்றும் தேவை இருக்கிறது. சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் பை, தறியிலிருந்து நூல் கட்டு தூக்கும் பை, பூ கொண்டுபோகும் பை என்று எத்தனையோ! அதை வடிவமைக்க வெளிநாட்டிலிருந்து யாரும் வர வேண்டாம். நாம் போதும்.

ஆனால் ஒன்று. ஷீட் சமர்ப்பிக்கிற முதல் நாள் ராத்திரி கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட்டைப் போட்டு, பக்கத்து நண்பன் வரைந்ததை அப்படியே எடுத்துவிடுகிறோமே, அந்தக் கோடு நம்முடையது ஆகுமா? நாளைக்கு நம்முடைய யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், இது என்னுடையது என்று சொல்ல நம் கையில் என்ன இருக்கும்?

இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தோன்றுவதை வரையுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அந்தக் கையெழுத்தின் மதிப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது.

வரைவோம்! தேதியிடுவோம்! வெல்வோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு