முந்திலான் ஆசான் அருட்தந்தை வான் லித் (1863–1926)

யாழ்ப்பாணத்தையும் காலியையும் ஒரு காலத்தில் ஆண்ட ஒல்லாந்தக் கும்பனியின் ஆசியத் தலைமையகம் யாவாத் தீவின் பத்தாவியா நகரில் இருந்தது. எமது நாட்டிற் போலவே அங்கும் கத்தோலிக்கக் குருமாருக்குக் கும்பனி தடை விதித்திருந்தது. அத்தடை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் நீங்கியது. அதன் பின்னரும் நெடுங்காலமாக, அங்கு சென்ற குருமார் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களின் ஆன்மிகத் தேவைகளையே கவனித்து வந்தனர். இஸ்லாம் வேரூன்றிய யாவாவின் உட்பகுதிக்குச் சென்று, அம்மக்களின் பிள்ளைகளுக்கென உயர் கல்விக்கூடம் ஒன்றை எழுப்பிய பெருமை யேசுசபைத் துறவி பிரான்ஸ் வான் லித் அடிகளாரைச் சாரும். நூற்றாண்டு காணும் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

வான் லித் 1863 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி ஒல்லாந்தின் தென்பகுதியிலுள்ள ஊர்ஸ்கொட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். யேசுசபையிற் சேர்ந்து குருவான பின், 1896 இல் யாவாவின் செமராங் துறைமுகத்தில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே மெராப்பி எரிமலையின் அடிவாரத்தில், போரோபுதூர் தூபிக்கு அண்மையிலுள்ள முந்திலானைத் தமது பணித்தளமாகக் கொண்டார். அவர் முதலிற் செய்த வேலை யாவா மொழியைக் கற்பதே. பெரியோரிடம் பேசும் மொழி வேறு, சமமானவரிடம் பேசும் மொழி வேறு என்று சொற்களே மாறும் மொழி அது. அதனைப் பிழையின்றிப் பேசுவதற்கு அம்மக்களின் பழக்கவழக்கங்களையும் மனப்பாங்கையும் அறிந்திருக்க வேண்டும். கிராமத்தவரோடு பழகியே அவர் அவற்றைக் கற்றுக்கொண்டார்.

முதற் சில ஆண்டுகளிற் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. 1904 டிசம்பர் 14 ஆம் திகதி, செண்டாங் சோனோ என்னும் ஊற்றின் அருகே மலைக்கிராம மக்கள் ஏறக்குறைய 170 பேருக்கு அவர் திருமுழுக்கு வழங்கினார். யாவாத் திருச்சபையின் பிறப்பிடமாக இன்றும் அவ்விடம் போற்றப்படுகின்றது. ஆயினும் அடிகளாரின் எண்ணம் வேறு திசையிற் சென்றது. ஊர் ஊராகத் திருமுழுக்கு வழங்குவதிலும் பார்க்க, நன்கு கற்ற ஆசிரியர்களை உருவாக்கி அவர்களை அவர்களுடைய மக்களிடமே அனுப்புவது பயன் தரும் என்று அவர் கருதினார். அதே ஆண்டில் முந்திலானில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை உருவாயிற்று. பின்னர் அது சவேரியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. எமது முத்துக்குளிப்புக் கரையோரத்திலும் பின்னர் மலுக்குத் தீவுகளிலும் பணியாற்றிய அதே புனிதரின் பெயர்தான் அது.

கல்லூரியின் போதனாமொழி ஒல்லாந்த மொழி. யாவா மொழியில் ஊறிய ஒருவர் இவ்வாறு செய்தது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. அரச உத்தியோகமும் உயர்கல்வியும் ஒல்லாந்த மொழி தெரிந்தவர்களுக்கே கிட்டின. தாய்மொழி மட்டும் அறிந்த கிராமத்துப் பிள்ளை எத்துணை கெட்டிக்காரனாயினும் வாசலுக்கு வெளியேயே நிற்க வேண்டியிருந்தது. ஆள்பவனின் மொழியிலேயே ஆள்பவனுக்குச் சமமாக நின்று பேசக்கூடியவர்களைத் தம் கல்லூரி உருவாக்க வேண்டும் என்று அடிகளார் விரும்பினார்.

மாணவருட் பலர் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சேர்வதற்கு மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. எனினும் விடுதி வாழ்க்கையின் போக்கிற் பலர் திருமுழுக்குப் பெற விரும்பினர் என்பதும் உண்மை. சுரகார்த்தாவிற் பிறந்த சோகியா என்னும் சிறுவன் 1909 இல் இங்கு சேர்ந்தான். மகன் ஒல்லாந்தனாக மாறிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சினர். அவன் மறைக்கல்வி கேட்டபோது பெற்றோரின் சம்மதம் பெற்று வருமாறு குருமார் பணித்தனர். பெற்றோர் எளிதில் இசையவில்லை. 1910 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் அவன் திருமுழுக்குப் பெற்றான். பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. அந்த அச்சத்துக்குக் கல்லூரி தந்த விடையைப் பிற்காலம் காட்டியது.

இக்காலத்தில் யாவாப் பெண்களின் நிலை எவ்வாறு இருந்தது? யெப்பாராவின் உயர்குடியிற் பிறந்த கார்த்தினி அம்மையார், பன்னிரண்டு வயதளவிற் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர். பெண் கல்விக்காக ஏங்கிக் கடிதங்கள் எழுதிய அவர் 1904 இல் இளவயதிலேயே காலமானார். அதன் பின் நான்காண்டுகளில், 1908 இல், முந்திலானுக்கு அண்மையிலுள்ள மெண்டுட்டில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் யாவாப் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். பழைமையான பௌத்த கோவிலொன்று இருக்கும் ஊர் அது. பிள்ளைகள் தம் நாட்டு உடையாகிய கயினும் கெபாயாவும் அணிந்தே படித்தனர். ஒல்லாந்த மொழியும் வீட்டு நிர்வாகமும் கற்ற அவர்களுட் பலர் தாமும் ஆசிரியைகளாயினர்.

முந்திலான் ஆசிரியர்களும் மெண்டுட் பெண்களும் பலர் திருமணத்தில் இணைந்தனர். கணவனும் மனைவியும் கற்றவர்களாக இருந்த அந்த வீடுகளே ஊருக்கு ஊர் புதிய பள்ளிகளுக்கும் சிறிய கிறிஸ்தவ சமூகங்களுக்கும் அத்திவாரமாயின. வான் லித் அடிகளாரின் வரலாற்றைக் கூறுவோர் பலர் மெண்டுட்டை ஓரிரு வரியில் முடித்துவிடுவர். மெண்டுட் இல்லாவிடின் முந்திலானின் உழைப்பு ஒரு தலைமுறையோடு நின்றிருக்கும்.

கற்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினர். தமது நாட்டைத் தாமே ஆள வேண்டும் என்ற குரல் 1910களில் வலுப்பெற்றது. அடிகளார் தம் மாணவரை அடக்க முற்படவில்லை. குடியேற்ற ஆட்சியமைப்பைச் சீர்திருத்துவதற்கென 1918 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்த அவர், சுதேசிகளுக்குப் பிரதிநிதித்துவத்திற் பெரும்பான்மை வேண்டும் என்ற பக்கமே நின்றார். நோய் காரணமாகத் தாய்நாடு சென்றிருந்தபோது, 1922 இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். ஒல்லாந்தருக்கும் யாவா மக்களுக்கும் இடையில் பிளவு ஏற்படுமாயின் மிஷனரிகள் நிற்க வேண்டிய இடம் யாவா மக்களின் பக்கமே என்பது அதன் சாரம். அவருடைய சொந்த இனத்தவர் பலர் இதனைத் துரோகமாகவே கண்டனர். யாவாவுக்கு மீள்வது எளிதாயிருக்கவில்லை. 1924 இலேயே அவர் திரும்பி வந்தார். உடல்நலம் மேலும் குன்றி, 1926 ஜனவரி 9 ஆம் திகதி செமராங்கில் இறையடி சேர்ந்தார். அவரது விருப்பத்துக்குரிய முந்திலான் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

யப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்திற் கல்லூரியும் மெண்டுட் பாடசாலையும் மூடப்பட்டன. ஆனால் மாணவர் இருந்தனர். பெற்றோர் அஞ்சிய அச்சிறுவன் சோகியாப்ரனாதா என்ற பெயரில் 1940 இல் இந்தோனேசியாவின் முதற் சுதேச ஆயரானார். விடுதலைப் போரின்போது, 1947 இல், ஒல்லாந்தர் வசமிருந்த செமராங்கை விட்டுக் குடியரசின் தலைநகராகிய யோக்யகார்த்தாவுக்குத் தமது இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். இன்னொரு மாணவராகிய கசிமோ, 1923 இல் யாவாக் கத்தோலிக்கருக்கென அரசியல் அமைப்பொன்றைத் தொடங்கிப் பின்னர் குடியரசின் அமைச்சராகப் பணியாற்றினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாடு இருவரையும் தேசிய வீரர்களாக அறிவித்துக் கௌரவித்திருக்கின்றது. ஒல்லாந்த மொழி கற்ற பிள்ளைகள் ஒல்லாந்தராகிவிடவில்லை.

இன்று முந்திலானில் அடிகளாரின் பெயரைத் தாங்கிய உயர்தரப் பாடசாலையொன்று இயங்குகின்றது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அங்கு விடுதியில் தங்கிக் கற்கின்றனர்.

மிஷன் பாடசாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எம் நாட்டிலும் பலமுறை எழுந்ததுண்டு. நிறுவியவர்களுக்கா, நிர்வகிப்பவர்களுக்கா, அங்கு படித்து வெளியேறியவர்களுக்கா? தாம் கற்பித்த பிள்ளைகள் தமது இனத்தின் ஆட்சியையே மறுத்தபோதும் வான் லித் அடிகளார் அவர்களைக் கைவிடவில்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளுடையது என்பதை ஏற்றுக்கொண்ட ஓர் ஆசானின் விடை அது. பல சமயத்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த எமது கல்லூரியின் நூறாவது ஆண்டில், அவ்விடையை நாம் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.