மலை வளர்த்த தலைவர் டென்சிங் நோர்கே

தலைமை என்பது பதவியோடு வருவது என்று பலரும் எண்ணுகின்றனர். மேடையும் மாலையும் ஆணையிடும் குரலுமே அதன் அடையாளங்கள் என்றும் கருதுகின்றனர். ஆனால் பிறருடைய சுமைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பனிமலைகளில் நடந்த ஓர் எளிய மனிதரின் வாழ்க்கை வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் நாட்டின் இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்பிக்கும் பொறுப்பை இந்தியா அவரிடமே ஒப்படைத்தது. அவர்தான் டென்சிங் நோர்கே.

சுமை கற்பித்த கல்வி

1914-ஆம் ஆண்டு, எவரெஸ்ட் சிகரத்தை அடுத்த மலைப்பகுதியில், யாக் மாடுகளை மேய்த்து வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளுள் அவர் பதினோராமவர். நாம்கியால் வாங்டி என்பது பெற்றோர் இட்ட பெயர். பின்னர் ரோங்புக் மடத்தின் தலைமை லாமாவின் அறிவுரைப்படி அது டென்சிங் நோர்கே என மாறியது. மகனைத் துறவியாக்க விரும்பிய பெற்றோர் அவரைத் தெங்போச்சே மடத்தில் சேர்த்தனர். மடத்து வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை, வீடு திரும்பினார். சிறுவனின் கண்கள் எப்போதும் அந்த மாபெரும் சிகரத்தின் மீதே பதிந்திருந்தன.

வாலிப வயதில் அவர் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். 1933-இல் எவரெஸ்ட் சென்ற பிரிட்டிஷ் குழுவில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. 1935-இல் எரிக் ஷிப்டனின் குழுவில் சுமை தூக்குபவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936-இலும் 1938-இலும் மீண்டும் எவரெஸ்ட் சென்றார். பிறர் ஏறுவதற்காகக் கூடாரங்களையும் உணவையும் மேலே கொண்டு சேர்ப்பதே அவருடைய பணி. 1938-இல் அவர் ஆற்றிய சேவைக்காக இமாலயன் கிளப் அவருக்குப் 'புலி' பதக்கம் வழங்கியது.

அந்த ஆண்டுகளே அவருடைய பள்ளிக்கூடம். களைத்தவனின் மூச்சை வைத்து அவனுடைய நிலையை அறியவும், பனியின் நிறத்தைக் கொண்டு ஆபத்தை உணரவும், தன் பசியை மறந்து பிறருக்குத் தேநீர் காய்ச்சித் தரவும் மலை அவருக்குக் கற்பித்தது.

1947-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று கேதார்நாத் சிகரத்தில் ஏறியபோது, ஷெர்பாக்களின் தலைவராகிய சர்தார் விழுந்து பலத்த காயமுற்றார். அவரை மீட்டு வந்தவர்களுள் டென்சிங்கும் ஒருவர். காயமுற்றவரின் இடத்தில் டென்சிங் சர்தார் ஆனார். அவருக்குத் தலைமை வந்த வழி இதுதான்: முதலில் மீட்புப் பணி, அதன் பின்னரே பதவி.

திரும்பி வரும் துணிவு

1952-இல் எவரெஸ்ட் சென்ற சுவிட்சர்லாந்துக் குழு, அவரைச் சர்தாராக மட்டுமின்றி, ஏறுபவர்களுள் ஒருவராகவும் சேர்த்துக்கொண்டது. அவருடைய துணை ரேமண்ட் லாம்பர்ட். உறைபனியால் தம் கால்விரல்களை இழந்தவர் அவர். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. சைகையும் சில சொற்களும் புன்னகையுமே அவர்களை இணைத்தன.

மே 27-ஆம் நாள் இரவு, சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு கூடாரத்தில் அவர்கள் தங்கினர். உறங்கும் பைகள் இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்தனர். உறங்கினால் உறைந்துவிடும் அபாயம் இருந்ததால், ஒருவரையொருவர் தட்டித் தேய்த்து விடியும்வரை விழித்திருந்தனர். மறுநாள் சுமார் 8,600 மீட்டர் உயரம் வரை சென்றனர். அதுவரை எவரும் அவ்வளவு உயரம் ஏறியதாக உறுதியான சான்று இல்லை. சிகரம் ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் கண்ணெதிரே நின்றது. மேலும் ஏறினால் சிகரத்தை எட்டலாம். ஆனால் உயிருடன் திரும்ப முடியாது என்பதை இருவரும் உணர்ந்தனர். திரும்பினர்.

வாழ்நாள் கனவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது அதை விட்டுத் திரும்ப, ஏறுவதைவிடப் பெரிய மனவலிமை வேண்டும். தன் ஆசைக்காகத் துணைவனின் உயிரைப் பணயம் வைக்காதவனே தலைவனாகத் தகுதியுடையவன்.

கொட்டகையில் ஓர் இரவு

1953-இல் கர்னல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு புறப்பட்டது. டென்சிங் அதில் சர்தாராகவும் மலையேறும் உறுப்பினராகவும் இருந்தார். காட்மாண்டுவில் குழுவின் ஆங்கிலேயர்கள் பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் வசதியாகத் தங்கவைக்கப்பட்டனர். ஷெர்பாக்களுக்கு அங்கிருந்த வாகனக் கொட்டகையின் தரையே கிடைத்தது. டென்சிங்குக்கு மட்டும் உள்ளே படுக்கை ஒதுக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. கொட்டகையில் தம் மக்களுடனேயே படுத்தார். மறுநாள் அவர்கள் கோபம் கொண்டபோது அவர்களை அமைதிப்படுத்திப் பயணத்தைத் தொடரச் செய்ததும் அவரே. முந்தைய இரவு உள்ளே உறங்கியிருந்தால், காலையில் அவர் சொல்லை அவர்கள் கேட்டிருப்பார்களா?

ஒரே கயிறு

கும்பு பனிச்சரிவில் ஒருநாள் எட்மண்ட் ஹிலாரி காலடிப் பனி உடைந்து பிளவுக்குள் விழுந்தார். இருவரையும் இணைத்த கயிற்றைப் பனிக்கோடரியில் இறுக்கி, டென்சிங் அவரைக் காத்தார். அதன் பின்னர் இருவரும் இணைபிரியாத் துணைவர்களாயினர்.

மே 26-இல் சென்ற முதல் இணை தெற்குச் சிகரம் வரை சென்று திரும்பியது. மே 29 காலை 6.30 மணியளவில் ஹிலாரியும் டென்சிங்கும் கடைசிக் கூடாரத்திலிருந்து புறப்பட்டு, 11.30 மணிக்கு உலகின் உச்சியை அடைந்தனர். டென்சிங்கின் கழுத்தில் லாம்பர்ட் அளித்த சிவப்புத் துணி இருந்தது. முந்தைய ஆண்டு திரும்பிச் சென்ற நண்பரையும் அவர் மறவாமல் உடன் அழைத்து வந்திருந்தார்! மகள் தந்த பென்சிலையும் சிறிது இனிப்பையும் பனியில் காணிக்கையாக வைத்தார். வெகு கீழே, சிறுவயதில் தாம் சேர்க்கப்பட்ட தெங்போச்சே மடம் தெரிந்தது.

சுமார் 15 நிமிடங்களே அங்கு இருந்தனர். கடினமான சோதனை கீழே காத்திருந்தது. முதலில் காலடி வைத்தவர் யார் என்ற கேள்வியை உலகம் எழுப்பியது. தாமே முதல்வர் என்று டென்சிங் சொல்ல வேண்டும் எனத் தேசப்பற்றின் பெயரால் பலர் வற்புறுத்தினர். அவ்வாறு சொல்லியிருந்தால் கோடிக்கணக்கானோர் மகிழ்ந்திருப்பர். இருவரும் சேர்ந்தே அடைந்தனர் என்பதே தோழர்களின் பொதுவான விடையாக இருந்தது. சர்ச்சை ஓயாததால், 1955-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையைத் தெரிவித்தார். முதலில் அடியெடுத்து வைத்தவர் ஹிலாரி. சில அடிகள் பின்னால் தாம். புகழைவிட உண்மை பெரிது என்று வாழ்ந்துகாட்டிய தருணம் அது.

மலையே வகுப்பறை

1954 நவம்பர் 4-ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். மேஜர் நரேந்திர தர் ஜயால் அதன் முதல் முதல்வர். களப்பயிற்சி இயக்குநர் டென்சிங். உலகப் புகழ் பெற்ற பின்னரும், இதற்காக அவர் சுவிட்சர்லாந்து சென்று மாணவராக அமர்ந்து பயிற்றுமுறையைக் கற்றுவந்தார்.

இத்தகைய நிலையங்களின் பயிற்சி முறை சிந்திக்கத்தக்கது. மாணவர்கள் சிறு சிறு அணிகளாகப் பிரிக்கப்படுகின்றனர். அணிக்குப் பெயரே 'கயிறு' என்பதாகும். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் தன் மூட்டையைத் தானே சுமக்க வேண்டும். தலைமைப் பொறுப்பு மாறி மாறி வரும். இன்று ஆணையிடுபவன் நாளை கீழ்ப்படிவான். கயிற்றில் பிணைந்தபின் அனைவரின் வேகமும் மிக மெதுவாக நடப்பவனின் வேகமே. ஏறும்போது அனுபவசாலி முன்னே செல்கிறான். இறங்கும்போது அவன் கடைசியில் வருகிறான். முன்னால் செல்பவர் சறுக்கினால் மேலிருந்து தாங்குவதற்காக.

பலன் விரைவில் தெரிந்தது. 1960-இலும் 1962-இலும் எவரெஸ்ட் சென்ற இந்தியக் குழுக்கள் புயலால் சிகரத்தை நெருங்கித் திரும்பின. அவசரப்பட்டு மேலே ஏறவில்லை. 1965-இல் எம்.எஸ். கோலி தலைமையிலான குழுவில் ஒன்பது பேர் சிகரம் தொட்டனர். அவர்களுள் ஒருவர் டென்சிங்கின் சகோதரி மகன் நவாங் கோம்பு. எவரெஸ்ட்டில் இருமுறை ஏறிய முதல் மனிதர். டென்சிங் ஓய்வு பெற்றபின் களப்பயிற்சிப் பொறுப்பை ஏற்றவரும் அவரே.

எவரெஸ்ட் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் மும்பையில் மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ சஹ்யாத்ரி மலைக்கோட்டைகளுக்குச் செல்லும் இளைஞனுக்கும், தமிழகத்தில் ஜவ்வாது மலையில் நடக்கும் மாணவிக்கும் இந்தக் கல்வி எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. பின்தங்கியவருடன் சேர்ந்து நடப்பதும், கடைசித் தண்ணீரைப் பகிர்வதும், இருட்டுமுன் திரும்பும் முடிவை எடுப்பதும் அங்கேயே கற்கத்தக்கவை. மலையில் கற்ற இப்பண்புகள் வீட்டிலும் அலுவலகத்திலும் தொண்டிலும் துணை நிற்கும்.

1986 மே 9-ஆம் நாள் டென்சிங் டார்ஜிலிங்கில் காலமானார். அவர் உழைத்த பயிற்சி நிலையத்தின் வளாகத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. மலைக்குப் புறப்படும் இளைஞர்களை வழியனுப்புவதுபோல் அவருடைய சிலை இன்றும் அங்கே நிற்கிறது. கயிற்றின் கடைசியில் நின்று அனைவரையும் தாங்கியவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.