அனி பெசன்ற் அம்மையாரும் மறுபிறப்புக் கொள்கையும்

இறந்தபின் உயிர் உண்டு என்று இளமையிற் கற்பிக்கப்பட்டு, நடுவயதில் அஃது இல்லையென்று மேடைதோறும் மறுத்து, பின்னர் உண்டு என்பது மாத்திரமன்றி அது மீண்டும் மீண்டும் பிறக்கும் என்றும் நாற்பது வருடங்களுக்கு மேலாக உலகெங்கும் போதித்தவர் அனி பெசன்ற் அம்மையார். நம்மவருட் பெரும்பாலோர் அவரை இந்திய சுயாட்சி இயக்கத்தின் தலைவியாகவும், 1917ஆம் ஆண்டிலே காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணியாகவுமே அறிவர். அவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டது. மறுமை உண்டா இல்லையா என்ற வழக்கு அவர் நெஞ்சில் எவ்வாறு நடந்தது, அதன்பொருட்டு அவர் எவற்றை இழந்தார் என்பதே இங்கு கூறப்புகுந்தது.

அம்மையார் 1847ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி இலண்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் வூட் வைத்தியம் கற்றவர். சமய விஷயங்களிற் சந்தேகம் உடையவர். தாயார் பக்தி மிக்கவர். இவ்விருவர் இயல்பும் மகளிடத்தில் ஒருங்கே அமைந்தன என்றே சொல்லவேண்டும். 1852இல், அனிக்கு ஐந்து வயதாயிருக்கையில், தந்தையார் காசநோயால் இறந்தார். சில மாதங்களின் பின் ஒருநாள், கணவர் கனவில் வந்து கடைசி ஆண்குழந்தையைத் தம்மிடம் தரும்படி கேட்டதாகத் தாயார் கூறினார். குழந்தையும் அவ்வண்ணமே இறந்தது. இதனை அம்மையார் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது கனவோ, நோயுற்ற பிள்ளையைப் பற்றிய தாயின் அச்சமோ, வேறெதுவோ. மரணம் என்பது அவருக்குப் புத்தகத்தில் வந்த பொருள் அன்று.

மறியற் என்ற சீமாட்டியிடம் கல்வி கற்று, மிகுந்த விசுவாசத்துடன் வளர்ந்த அவர், 1867இல் பிராங் பெசன்ற் என்னும் பாதிரியாரை மணந்தார். அம்மணவாழ்க்கை இன்பமாக அமையவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு பிள்ளைகள் பிறந்தனர். 1871இல் இருவருக்கும் குக்கல் கண்டது. மகன் தேறினான். ஒரு வயதும் நிரம்பாத மகள் மேபலுக்கோ மூச்சுக்குழாய் அழற்சியும் சேர்ந்துகொண்டது. கணப்பு நெருப்பைச் சுற்றித் திரையாற் கூடாரம்போல் அமைத்து, அதனுள் நீராவியை நிரப்பி, மடியில் குழந்தையை வைத்தபடி தாய் வாரக்கணக்காக இரவும் பகலும் இருந்தார். ஒவ்வோர் இருமலும் அக்குழந்தையின் உயிரையே பறிப்பது போலிருந்தது. இறுதியிற் பிள்ளை பிழைத்தது. தாயின் விசுவாசம் பிழைக்கவில்லை.

பாவமொன்றும் அறியாத பச்சிளம் பாலகி ஏன் இப்படித் துடிக்கவேண்டும்? இதுவே அவருடைய வினா. மிஷன் பாடசாலையில் வேதபாடம் படித்த எம்போன்றோர், யோபு என்ற நீதிமான் இதே வினாவைத் தன் தேவனிடம் கேட்டதை அறிவோம். யோபுவுக்கு விடையாகக் கிடைத்தது தேவனுடைய மகத்துவம் பற்றிய விவரணமே. அனிக்கு அது போதவில்லை. ஒக்ஸ்போட் சென்று பெயர்பெற்ற சமய அறிஞராகிய பியூசி என்பவரைக் கண்டு தம் ஐயங்களைக் கூறினார். அவரோ, அளவுக்கு மிஞ்சிப் படித்துவிட்டாய், இனிமேற் படியாதே என்ற பொருள்படக் கண்டித்து அனுப்பிவிட்டார். கேள்வி கேட்பவரை இப்படி அனுப்பும் வழக்கம் எந்தச் சமயத்துக்கும் தனியுரிமையானதன்று. இதன்பின் திருவிருந்தில் பங்குபற்ற அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. 1873இல் கணவரைப் பிரிந்தார்.

அடுத்த ஆண்டு தாயார் மரணப்படுக்கையிற் கிடந்தபோது நிகழ்ந்தது எவரையும் உருக்கும். திருவிருந்து பெறத் தாயார் விரும்பினார். ஆனால் மகளும் உடன் பெற்றாலன்றித் தாம் பெறுவதில்லை என்று பிடிவாதமாயிருந்தார். மகளின்றி இரட்சிக்கப்படுவதிலும் மகளுடன் கெட்டுப்போவதே மேல் என்பது அந்தப் பக்தையின் முடிவு. நம்பாத ஒருத்திக்குத் திருவிருந்து கொடுக்க எந்தக் குருவானவர் இசைவார்? தெரிந்த குருமார் மறுத்தனர். கடைசியில் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்துத் தலைமைக் குருவாகிய ஸ்ரான்லி, விஷயம் முழுவதையும் கேட்டறிந்து, வீடு தேடிவந்து இருவருக்கும் கொடுத்தார். 1874 மே மாதத்தில் தாயார் கண்மூடினார்.

அதே ஆண்டில் அம்மையார், நாஸ்திகத் தலைவர் சார்ல்ஸ் பிறட்லோவின் சங்கத்திற் சேர்ந்தார். பதினைந்து வருடகாலம் அவருடைய நாவும் எழுதுகோலும் ஓயவில்லை. சிந்தனை மூளையின் தொழில், மூளை அழிய அதுவும் அழியும், மறுமைக்குச் சான்றில்லை, ஆகவே மனிதன் செய்யவேண்டிய தருமத்தை இம்மையிலேயே செய்யட்டும் என்று போதித்தார். இதற்கு அவர் கொடுத்த விலை சாமானியமானதன்று. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தல் பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக 1877இல் அவர்மீதும் பிறட்லோமீதும் வழக்கு நடந்தது. விதிக்கப்பட்ட தண்டனை பின்னர் சட்ட நுணுக்கமொன்றால் தள்ளுபடியாயிற்று. எனினும் 1878இல், இந்த வெளியீட்டையும் அவருடைய நாஸ்திகத்தையும் காரணங்காட்டி, மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. எந்தக் குழந்தையின் துயர் கண்டு தாயின் விசுவாசம் குலைந்ததோ, அந்த விசுவாசம் இல்லையென்றே அக்குழந்தையும் பிரிக்கப்பட்டது. (பிள்ளைகள் இருவரும் வளர்ந்தபின் தாயிடம் திரும்பி வந்தனர்.)

1888இல் இலண்டன் கிழக்குப் பகுதியில் இருந்த நெருப்புக்குச்சித் தொழிற்சாலையின் கொடுமைகளை அவர் பத்திரிகையில் வெளிப்படுத்தினார். அங்கு வெண்பொசுபரசின் நச்சினாற் சிலருக்குத் தாடையெலும்பு அழுகியது. அற்பச் சம்பளம்; அதிலும் அபராதம். சுமார் 1,400 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலைநிறுத்தஞ் செய்து வென்றனர். ஆனால் அச்சேரிகளிற் கண்ட குழந்தைகள் அவருடைய பழைய வினாவை மீண்டும் எழுப்பினர். ஒரு பிள்ளை மாளிகையிலும் ஒரு பிள்ளை சாக்கடையோரத்திலும் பிறப்பதற்கு யார் பொறுப்பு? சமுதாய அமைப்பு என்பது பாதி விடையாகவே அவருக்குப் பட்டது.

இந்நிலையிற்றான் 1889இல், பத்திரிகாசிரியர் ஸ்ரெட், பிளவாற்ஸ்கி அம்மையார் எழுதிய இரு பெரும் நூற்றொகுதிகளை மதிப்புரைக்காக அவரிடங் கொடுத்தார். படித்தார், ஆசிரியரை நேரிற் கண்டார், பிரம்மஞான சபையிற் சேர விரும்பினார். பிளவாற்ஸ்கியோ, தம்முடைய அற்புதங்கள் மோசடி என்று 1885இல் வெளியான ஆராய்ச்சி அறிக்கையை முதலிற் படித்துவிட்டு வரும்படி கூறினாராம். அதையும் படித்துவிட்டே அவர் சேர்ந்தார். பிறட்லோ மனம் நொந்தார். நண்பர் பேணாட் ஷோ திகைத்தார். சான்றில்லாததை நம்பலாகாது என்று நேற்றுவரை போதித்தவர் இன்று சான்றின்றியே நம்புகிறாரே என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

1892இல் அவர் மறுபிறப்பைப் பற்றித் தனிநூல் எழுதினார். முற்பிறவி உண்டெனில் நினைவு ஏன் இல்லை என்ற ஆட்சேபத்துக்கு, நினைவு மூளையைச் சார்ந்தது, மூளையோ ஒவ்வொரு பிறவியிலும் புதியது. நினைவு நீங்கினும் பழைய அனுபவம் குணமாகவும் மனச்சாட்சியாகவும் எஞ்சுகிறது என்பது அவர் தந்த விடை. நாஸ்திகராயிருந்து கற்ற உடற்றொழில் நூலையே இங்கு ஆத்மாவுக்குத் துணையாக நிறுத்துகிறார். சாதுரியமான விடைதான். ஆயினும், ஒருவனை அவனாக்குவது அவனுடைய நினைவே என்று கூறிய லொக் என்னும் தத்துவஞானி எழுந்து, நினைவே இல்லாதபோது வினை செய்தவனும் பயன் நுகர்பவனும் ஒருவனே என்பது எவ்வாறு என்று கேட்டால், இவ்விடை தடுமாறும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நமது சைவ சித்தாந்தம் வினைப்பயனை உயிருடன் கூட்டுவிப்பவன் இறைவன் என்று கூறுவது இந்த இடர்ப்பாட்டை உணர்ந்துதான் போலும்.

1893 நவெம்பரில் அவர் கொழும்பு வந்து, இங்கிருந்து தூத்துக்குடி வழியாக இந்தியாவை அடைந்தார். 1895இல் கீதையை மொழிபெயர்த்தார். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். இவ்வளவு செய்தவர் ஆரம்ப ஆண்டுகளில் சாதி முறைக்கும் வினைக்கொள்கையைக் கொண்டு நியாயங் கற்பித்தார். சேரிக் குழந்தைக்காகக் கண்ணீர் வடித்தவரிடம் இதனை யாரும் எதிர்பார்க்கமாட்டார். முன்வினை என்ற சொல் துன்பப்படுபவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னால் ஒன்று. அருகில் நிற்பவன் கைகட்டிக்கொண்டு சொன்னால் முற்றும் வேறொன்று. அம்மையார் இதனைக் காலப்போக்கில் உணர்ந்தார். 1913இல் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிற் பாலிய விவாகத்தையும் சாதிக் கொடுமையையும் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அவருடைய நம்பிக்கை எல்லை கடந்ததும் அக்காலத்திலேதான். 1907இற் சபைத் தலைவரானார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையிற் கண்ட கிருஷ்ணமூர்த்தி என்ற பிராமணச் சிறுவனே வரப்போகும் உலககுருவுக்கு உறைவிடம் என்று அவருடைய சகா லெட்பீற்றர் கூற, அம்மையாரும் நம்பினார். அச்சிறுவனின் முற்பிறவிகள் முப்பது, இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு, ஊர் பேர் உறவுமுறைகளுடன் சபையின் சஞ்சிகையில் வெளியாயின. சபையார் பலருக்கும் அவற்றிற் பாத்திரங்கள் கிடைத்தன. தமக்கு இடமுண்டா என்று ஒருவரையொருவர் விசாரிக்கலாயினர்! குழந்தையின் துயருக்கு விடைதேடிப் பிறந்த கொள்கை குலமுறை கிளத்தும் ஏடாகிவிட்டது.

சிறுவனின் தந்தை தம் மைந்தர் இருவரையும் திரும்பப் பெற வழக்கிட்டார். முன்னர் பெற்ற பிள்ளையை நீதிமன்றத்திற் பறிகொடுத்த தாய், இப்போது வேறொருவர் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்திருக்க நீதிமன்றம் ஏறினார். சென்னையில் தோற்று, 1914இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் வென்றார். தந்தை நாராயணையாவின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அவரைவிட நன்கு அறியக்கூடியவர் வேறு எவர்?

1929 ஓகஸ்ற் மாதம் 3ஆந் திகதி ஒல்லாந்தில் ஓமென் என்னுமிடத்திலே, ஏறக்குறைய மூவாயிரம் பேர் முன்னிலையில், கிருஷ்ணமூர்த்தி தமக்கென அமைக்கப்பட்ட சங்கத்தைத் தாமே கலைத்தார். எண்பத்தொரு வயதான அம்மையார் அச்சபையில் அமர்ந்திருந்து கேட்டார். இருபது வருட உழைப்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. எனினும் அவர் மகனாகக் கொண்டவரை வெறுக்கவில்லை. மறுபிறப்புக் கொள்கையையும் விடவில்லை.

1933ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆந் திகதி அடையாற்றில் அவர் உயிர் நீங்கியது. அவ்விடத்திலேயே உடல் தகனஞ் செய்யப்பட்டது. சாம்பலின் ஒரு பகுதி அடையாற்றுத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. மற்றப் பகுதியைக் காசிக்குக் கொண்டுசென்று கங்கையிற் கரைத்தனர்.